இருபது மில்லிகிராம் பாதரசம் யாருக்கு ஆபத்து?

காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டர் கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால் என்ன ஆகும் என்று முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி சிதறும், வெள்ளி மணிகள் நாலாபுறமும் ஓடும். நானும் என் தம்பியும் அவற்றைக் காலண்டர் தாளால் தள்ளித் தள்ளி ஒன்றுசேர்த்து, தீப்பெட்டிக்குள் போட்டு வைத்து வாரக்கணக்கில் விளையாடியிருக்கிறோம். விரலால் தொட்டால் பிளக்கும், பக்கத்தில் கொண்டுபோனால் ஒன்றாகிவிடும். "விஷம், வாயில் வைத்துவிடாதே" என்று பாட்டி மட்டும் அதட்டிக்கொண்டிருப்பார்.

பாட்டி சொன்னதில் பாதிதான் சரி என்று பல வருடங்கள் கழித்துத் தெரிந்தது. உலோக வடிவில் இருக்கும் பாதரசத்தை விழுங்கினால், குடல் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூட உறிஞ்சுவதில்லை. கிட்டத்தட்ட முழுவதும் மலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் அதே பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகிறது. அந்த ஆவியை மூச்சில் இழுத்தால் சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். கையில் வைத்து விளையாடிய மணிகளைவிட, கட்டிலுக்கடியில் உருண்டுபோய் யாரும் தேடாமல் விட்ட மணிகள்தான் எங்களுக்கு உண்மையான ஆபத்து. தீப்பெட்டியும் சளைத்ததல்ல, அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறோம்.

பொருள் ஒன்று, வீடு ஒன்று, பிள்ளைகளும் அதே பிள்ளைகள். உடம்புக்குள் போகும் வழி மாறினால் ஆபத்தின் கணக்கே மாறிவிடுகிறது. மாசுபட்ட ஒரு நிலத்தால் மனிதர்களுக்கு என்ன கேடு வரும் என்று கணக்கிடும் துறைக்கு 'உடல்நல இடர் மதிப்பீடு' என்று பெயர். பெயர்தான் கனமானது. அந்தத் தீப்பெட்டி விஷயத்தைப் பெரிய நிலத்தில் வைத்துக் கேட்பதுதான் அதன் வேலை.

பெரிய நிலத்துக்கு எடுத்துக்காட்டு தேடித் தொலைவு போக வேண்டாம். கொடைக்கானலிலேயே இருக்கிறது, அதுவும் தெர்மாமீட்டரால் வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை ஒன்று 1980களின் முற்பகுதியில் அப்படியே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, கொடைக்கானலில் செயின்ட் மேரிஸ் சாலை ஓரம் நிறுவப்பட்டது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது, பிறகு இந்துஸ்தான் லீவர் (இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்) கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடப்பதை உள்ளூர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளியில் கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் கண்ணாடிக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கண்ணாடியை அனுப்பலாம், மண்ணை எங்கே அனுப்புவது?

ஆலையைச் சுற்றிய மண்ணில் பாதரசம் கலந்திருந்தது. அதை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்ற கேள்வி வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒப்புக்கொண்ட அளவு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம். அதற்குக் கீழே இருந்தால் மண்ணை அப்படியே விட்டுவிடலாம் என்பது இதன் பொருள். இந்த ஒற்றை எண் எங்கிருந்து பிறக்கிறது என்று புரிந்துகொண்டால், இடர் மதிப்பீட்டில் முக்கால்வாசி புரிந்துவிட்டது போல.

முதலில் ஒரு வேறுபாடு. ஒரு பொருள் எவ்வளவு கொடியது என்பது அதன் நச்சுத்தன்மை. அதனால் யாருக்காவது எவ்வளவு கேடு நேரக்கூடும் என்பது இடர். நச்சு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், மனிதரை அடைய வழி இல்லையென்றால் இடர் இல்லை. ஆகவே மதிப்பீட்டைத் தொடங்குபவர் மூன்று விஷயங்களைத் தேடுவார்: மாசு இருக்கும் இடம், அது நகரும் வழி, அது போய்ச் சேரும் ஆள். மூன்றும் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தால்தான் கணக்கே தொடங்கும். சங்கிலியில் ஒரு கண்ணியை அறுப்பதும் ஒரு வகைத் தீர்வுதான். மண்ணைத் தோண்டி எடுக்காமல் மேலே கான்கிரீட் போட்டு மூடுவது அந்த வகை. மாசு அங்கேயேதான் இருக்கும், வழி மட்டும் அடைபடும். கான்கிரீட் எத்தனை வருடம் விரிசல் விடாமல் இருக்கும் என்று கேட்பது உங்கள் உரிமை.

கொடைக்கானலில் வழிகளை எண்ணிப் பாருங்கள். மண்ணிலிருந்து ஆவி எழும், காற்றில் போகும். ஆலை இருந்த பகுதியில் பாசிகளிலும் கல்பாசிகளிலும் பாதரசம் படிந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வேரில்லாத அவை பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன, ஆகவே காற்றின் பழைய கணக்கேடு போல் பயன்படுகின்றன. அடுத்து, அந்த மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். அந்த மண்ணில் முளைக்கும் கீரை வழியாகப் போகும். மழை பெய்தால் மண்ணோடு அடித்துக்கொண்டு சரிவில் இறங்கும். ஆலை நின்ற முகட்டுக்குக் கீழே பாம்பார் சோலை இருக்கிறது. அங்கிருந்து வடியும் நீர் பாம்பாற்றில் சேர்ந்து, பெரியகுளத்துக்குப் பக்கத்திலுள்ள கும்பக்கரை அருவி வழியாக வைகைப் படுகைக்குப் போகிறது.

இப்போது ஒரே ஒரு வழியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்: குழந்தையின் கையிலிருந்து வாய்க்குப் போகும் மண். இது நான் போடும் பயிற்சிக் கணக்கு, அரசின் கணக்கு அல்ல. இதில் பயன்படும் எண்கள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வழக்கமாக எடுத்துக்கொள்பவை.

சின்னக் குழந்தை ஒரு நாளில் தன்னை அறியாமல் 200 மில்லிகிராம் மண்ணையும் தூசியையும் விழுங்குகிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு சிட்டிகைக்கும் குறைவு. வாசலில் தவழ்ந்துவிட்டு விரலைச் சப்பும் எந்தக் குழந்தைக்கும் இது மிகையான கணக்கல்ல. ஒரு கிலோவில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான் 200 மில்லிகிராம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் உள்ள மண் என்றால், அந்தக் குழந்தைக்குள் நாளொன்றுக்கு 0.004 மில்லிகிராம் போகிறது. குழந்தையின் எடை 15 கிலோ. வகுத்தால் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 0.00027. வருடத்தில் 350 நாள் அங்கே இருக்கிறது, மீதி நாட்களில் ஊருக்குப் போய்விடுகிறது என்று கொண்டால் 0.00026க்கு இறங்கும்.

இது அதிகமா, குறைவா? ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். பாதரச உப்பு வகைகளுக்கு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.0003 மில்லிகிராம் வரை உள்ளே போனாலும் வாழ்நாள் முழுதும் குறிப்பிடத்தக்க கேடு வராது என்று அதே முகமை வகுத்திருக்கிறது. இதைத் தாங்கும் அளவு என்று சொல்லிக்கொள்வோம். நம் குழந்தையின் அளவை இதனால் வகுத்தால் வருவது 0.85. இந்த விகிதம் ஒன்றுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை என்று கொள்வார்கள், ஒன்றைத் தாண்டினால் மேலும் ஆராய வேண்டும் என்பார்கள். ஒன்றைத் தாண்டியதும் குழந்தை நோயில் விழும் என்று இதற்கு அர்த்தமில்லை, பாதுகாப்புக்காக விட்டுவைத்த இடைவெளியைத் தின்னத் தொடங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

ஆக, 20 மில்லிகிராம் மண் தேர்ச்சி பெற்றுவிட்டது. மதிப்பெண் 0.85, அவ்வளவுதான் என்று கோப்பை மூடிவிடலாம். மூடுவதற்கு முன் குழந்தையின் எடையை மட்டும் மாற்றிப் பாருங்கள். 15 கிலோ என்பது அமெரிக்காவின் ஒன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் சராசரியை வைத்து எடுத்தது. நம் ஊரில் இரண்டு வயதுக் குழந்தைகள் பலர் 12 கிலோவைக்கூட எட்டியிருக்க மாட்டார்கள். மண்ணைக் கையில் எடுத்து வாயில் வைப்பதும் அதிகமாக அந்த வயதில்தான். 12 கிலோ என்று போட்டால் விகிதம் 1.07. மண் மாறவில்லை, பாதரசம் ஒரு துளிகூடக் கூடவில்லை, ஆனால் தேர்வில் தோல்வி.

அதே மண்ணில் 70 கிலோ எடையுள்ள பெரியவர், நாளுக்கு 100 மில்லிகிராம் மண்ணை விழுங்குபவர் என்றால் விகிதம் 0.09தான் வரும். 15 கிலோ குழந்தையோடு ஒப்பிட்டால் ஒன்பதில் ஒரு பங்கு. இந்தத் துறையில் எந்த மண்ணைப் பற்றிக் கேட்டாலும் முதலில் 'அங்கே குழந்தைகள் இருப்பார்களா' என்று திருப்பிக் கேட்பது இதனால்தான். நிலத்தில் வீடு வரப்போகிறதா, கிடங்கு வரப்போகிறதா என்ற ஒரு முடிவு, சுத்தம் செய்யும் செலவைப் பல மடங்கு ஏற்றவும் இறக்கவும் செய்யும். கனடாவில் இதை வெளிப்படையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்: பாதரசத்துக்குக் குடியிருப்பு நிலத்தில் கிலோவுக்கு 6.6 மில்லிகிராம், வணிக நிலத்தில் 24, தொழிற்சாலை நிலத்தில் 50. ஆகவே எந்த நாட்டு எண்ணையும் தனியாகப் பிடுங்கி வந்து 'அங்கே இவ்வளவு, இங்கே இவ்வளவு' என்று பேசினால் வாதம் நிற்காது. எந்த வகை நிலத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

0.0003 என்ற அந்தத் தாங்கும் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மனிதர்களிடம் அளந்ததல்ல. எலிகளுக்குப் பாதரச உப்பைக் கொடுத்து, சிறுநீரகத்தில் கேடு தோன்றிய அளவைக் கண்டு, அதை ஆயிரத்தால் வகுத்து எடுத்தது. எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடு, மனிதருக்குள்ளேயே பலவீனமானவர்கள், ஆய்வில் உள்ள குறைகள் என ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய பாதுகாப்பு இடைவெளி அந்த ஆயிரம். இதைக் கேட்டுச் சிலர் 'அப்படியானால் எல்லாம் குத்துமதிப்புதான்' என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாததை எவ்வளவு தெரியாது என்று எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், பல துறைகளில் அந்த நேர்மைகூட இல்லை.

நான் போட்ட கணக்கில் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பாதரசம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். மண்ணுக்குள் அது மூன்று வேடம் போடும். தெர்மாமீட்டரிலிருந்து சிந்தும் உலோகப் பாதரசம் ஆவியாகி மூச்சில் போகும். அது மண்ணில் கிடந்து கிடந்து ஒரு பகுதி உப்புகளாக மாறும், அவை வாய்வழி போனால் சிறுநீரகத்தைத் தாக்கும். மூன்றாவது மெத்தில் பாதரசம். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. இது மீனில் சேர்ந்து, சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் பல மடங்காகக் குவிந்து, மனிதக் குடலில் 95 சதவீதம் வரை உறிஞ்சப்பட்டு, மூளையைத் தாக்கும். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் 1956இல் அடையாளம் காணப்பட்ட நோய்க்குக் காரணம் இந்த மூன்றாவது வேடம்தான்.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2009இல் வெளியிட்ட மண் வழிகாட்டு அளவுகளில் மூன்றுக்கும் தனித்தனி எண் தந்திருந்தது. குடியிருப்பு நிலத்துக்கு, ஒரு கிலோ மண்ணில் பாதரச உப்புகள் 170 மில்லிகிராம் வரை, மெத்தில் பாதரசம் 11 வரை, உலோகப் பாதரசம் வெறும் 1 வரை. ஒரே தனிமம், ஒரே கொல்லைப்புறம், எண்ணில் நூற்றெழுபது மடங்கு வித்தியாசம். உலோகத்துக்கு ஏன் அவ்வளவு கடுமை என்றால் தீப்பெட்டிக் கதைதான்: ஆவி தரை வழியாக வீட்டுக்குள் எழுந்து, கதவடைத்த அறையில் தங்கும். கொடைக்கானலின் 20ஐப் பிரிட்டனின் 1ஓடு ஒப்பிட்டு இருபது மடங்கு தளர்வு என்று கொதித்தவர்களும் உண்டு, 170ஓடு ஒப்பிட்டு எட்டு மடங்கு கடுமை என்று சமாதானம் சொல்லவும் வழி உண்டு. அந்த மண்ணில் எவ்வளவு பாதரசம் எந்த வடிவில் இருக்கிறது என்பதை வைத்துப் பேசினால்தான் இரண்டில் ஒன்றாவது பொருந்தும். மாதிரி எடுப்பவர்கள் மொத்தப் பாதரசத்தை மட்டும் அளந்துவிட்டுப் போனால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது.

மாதிரி எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. கூழாங்கல்லும் வேரும் சேர்ந்த மண்ணை அப்படியே அளந்தால் எண் ஒன்று வரும், சலித்து எடுத்த நுண்தூளை அளந்தால் வேறு எண் வரும். குழந்தையின் விரலில் ஒட்டுவது நுண்தூள்தான், ஆகவே சலித்த மண்ணே அந்தக் கணக்குக்கு உரியது. சராசரியும் அப்படித்தான் ஏமாற்றும். பத்து இடத்தில் எடுத்து ஒன்பதில் 5, ஒன்றில் 150 என்று வந்தால் சராசரி 20க்குக் கீழேதான் நிற்கும். பிள்ளைகள் விளையாடத் தேர்ந்தெடுக்கும் மூலை அந்தப் பத்தாவது இடமாக இருந்தால் சராசரியால் அவர்களுக்கு என்ன பயன்?

இனி, சங்கிலியின் மறுமுனை. 20 மில்லிகிராம் என்பது அந்த நிலத்திலேயே குடியிருப்பவரை மனதில் வைத்த அளவு. இதை எதிர்த்தவர்களின் முக்கியமான வாதம், கணக்கில் பெயர் இல்லாதவர்களைப் பற்றியது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் உள்ள மண், மேலே நிற்பவருக்குத் தாங்கக்கூடியதாக இருக்கலாம். அதே மண் மழையில் கரைந்து கீழே போய் நீர்நிலைச் சேற்றில் படிந்து மெத்தில் பாதரசமாக மாறினால், அந்த மீனைச் சாப்பிடும் சமவெளிக் குடும்பம் எந்தப் பக்கத்துக் கணக்கில் வரும்? மறுதரப்பிலும் வெற்றுப் பேச்சு பேசவில்லை. அளவைக் கடுமையாக்கினால் மேலும் அதிகப் பரப்பைத் தோண்ட வேண்டும், மரங்களை வெட்ட வேண்டும், சரிவான சோலைக்காட்டு ஓரத்தில் மரம் போனால் மண்ணரிப்பு கூடும், எந்தப் பாதரசம் கீழே போகக்கூடாது என்கிறோமோ அதுவே வேகமாகப் போய்விடும் என்றார்கள். எனக்கு முதல் வாதத்தில்தான் கனம் தெரிகிறது. மரத்தைக் காப்பாற்றும் உத்திகளைப் பொறியாளர்கள் யோசிக்க முடியும். கணக்கில் சேர்க்காத ஆளை எந்தப் பொறியாளராலும் பிறகு சேர்க்க முடியாது.

எல்லா நச்சுக்கும் இந்த 'ஒன்றுக்குக் கீழே' கணக்குப் பொருந்தாது. புற்றுநோய் உண்டாக்கும் பல பொருட்களுக்குத் தாங்கும் அளவு என்று ஒன்று கிடையாது, எவ்வளவு குறைந்தாலும் கொஞ்சம் இடர் மிஞ்சும் என்ற அனுமானத்தில் கணக்கிடுவார்கள். ராணிப்பேட்டை இதற்குப் பொருத்தமான இடம். தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மேடு அப்படியே நின்றுவிட்டது. அதில் உள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் குரோமிய வடிவம், நீரில் எளிதில் கரையும், மழைக்குப் பின் மேட்டிலிருந்து கசியும் நீர் மஞ்சளாக ஓடும். அங்கே கை-வாய் மண்ணைவிடக் கிணறுதான் முதன்மையான வழி. எனவே சூத்திரத்தில் 200 மில்லிகிராம் மண்ணுக்குப் பதில், நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று வரும். விடை விகிதமாக வராமல், 'பத்து லட்சம் பேர் இதே அளவில் வாழ்நாள் முழுதும் குடித்தால் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய்' என்ற வடிவில் வரும். பத்து லட்சத்தில் ஒன்று முதல் பத்தாயிரத்தில் ஒன்று வரை ஏற்கலாம் என்பது அமெரிக்க நடைமுறை. ஏற்பது யார் என்பதை அந்தச் சூத்திரம் சொல்வதில்லை.

இந்த மதிப்பீட்டிடம் கேட்கக்கூடாத கேள்வியும் ஒன்று உண்டு. 'எனக்கு வந்திருக்கும் நோய் இதனால்தானா?' இடர் மதிப்பீடு முன்னோக்கிப் பார்க்கும் கருவி, நடந்ததற்குச் சாட்சி சொல்லாது. கொடைக்கானல் ஆலையில் வேலை பார்த்தவர்களின் போராட்டம் இந்த இடத்தில்தான் சிக்கியது. உடம்பில் ஏறிய பாதரசம் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். 2001இல் ஆலை மூடியபின் சில வருடங்கள் கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் பழைய பாதரசம் அகப்படாது. அகப்படாததால் அன்று பாதிப்பே இருந்திருக்காது என்றும் சொல்ல முடியாது, இருந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. ஆலையில் வேலை செய்ததால் உடல்நலக் கேடு வந்ததற்கு ஆதாரமில்லை என்றே நிறுவனம் கடைசி வரை சொல்லிவந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்களது குடும்பங்களோடும் சமரச உடன்பாடு கையெழுத்தானது. மண்ணைப் பற்றிய கணக்கு அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

உங்கள் ஊரில் மூடிய ஆலை ஒன்றைப் பற்றி இப்படி ஓர் அறிக்கை வந்தால், அது பெரும்பாலும் சில நூறு பக்கம் இருக்கும். வண்ணப் படங்களும் வரைபடங்களும் முன்பக்கங்களில் இருக்கும், முடிவுரையில் 'ஏற்கத்தக்க அளவு' என்று எழுதியிருக்கும். நேராகப் பின்னிணைப்புக்குப் போங்கள். 'அனுமானங்கள்' என்ற தலைப்பில் சிறிய எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும். குழந்தையின் எடை எத்தனை கிலோ, நாளுக்கு எவ்வளவு மண், எத்தனை லிட்டர் தண்ணீர், வாரத்துக்கு எத்தனை கிராம் மீன், வருடத்துக்கு எத்தனை நாள். மீனுக்கு நேராகக் கோடு போட்டு விட்டிருந்தால், ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களில் மீன் சாப்பிடுவதில்லையா என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பதில் கூட்டக் குறிப்பில் ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.